முதல் சம்பளத்தில் தங்கமா, வெள்ளியா?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மாதம் ஐயாயிரம் மிச்சம் பிடித்துத் தங்கமோ வெள்ளியோ வாங்க ஆசை. அம்மா நகையாக எடுக்கச் சொல்கிறார். எப்படித் தொடங்கலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: போட்டு அழகு பார்க்கத்தான் என்றால் அம்மா சொல்வதைக் கேளுங்கள். சேமிப்புக்கு என்றால் நகை வேண்டாம் தங்கச்சி, ஏனென்றால் ஒரு சவரன் செயினுக்கு 12 சதவீதம் சேதாரம் போட்டால் கிட்டத்தட்ட ஒரு கிராம் தங்கத்தின் விலை அதிலேயே போய்விடும், விற்கும்போது அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அதற்குப் பதில் இரண்டு மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து 24 காரட் காசாக வாங்குங்கள். காசுக்கும் கூலி உண்டு, கடைக்குக் கடை மாறும், நாலு இடத்தில் விசாரியுங்கள். 3 சதவீத ஜிஎஸ்டி எப்படியும் உண்டு. பில்லைப் பத்திரமாக வையுங்கள், சீல் போட்ட அட்டையைப் பிரிக்காதீர்கள்.

நகை எடுத்தே ஆக வேண்டுமா? சரி, 22 காரட்டைக் குறிக்கும் 916 முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான அடையாளக் குறியீடு) இருக்கிறதா என்று பார்த்து, கடையில் நிற்கும்போதே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபாருங்கள்.

வெள்ளி கைக்கு எட்டுகிற விலைதான், ஆனால் இடத்தை அடைக்கும், கறுக்கும், விலையும் தங்கத்தைவிட வேகமாக ஏறி இறங்கும். வாங்கினால் 999 (99.9 சதவீதம் சுத்தம்) என்று போட்ட வெள்ளிக் காசு, கொலுசு வேண்டாம். அப்புறம், வாங்கும் முன்பே 'திரும்ப விற்றால் எவ்வளவு கழிப்பீர்கள்?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.