முதற்பிரசவம்: குத்து எடுத்தால் எப்போது புறப்படுவது?

கொழும்பில் முதற்பிள்ளைக்குக் காத்திருப்பவர்களும் பெற்று வீடு திரும்பியவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில. பதில் சொல்பவர் பிரசவ அறையில் பணியாற்றும் மருத்துவமாது.

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். 37 வாரம் முடிந்துவிட்டது. முதற்குத்து எடுத்தவுடனேயே போய்விட வேண்டும் என்கிறார் மாமி. நேரத்தோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் பாதிப் பாதி. முதற்பிள்ளைக்கு நோ மெல்லத்தான் பிடிக்கும். கருப்பையின் வாய் 5 சென்டிமீற்றர் வரை திறக்கும் முதற்கட்டம் சிலருக்கு ஒரு பகலும் ஓர் இரவுமாக நீளும். உங்களுக்கும் பிள்ளைக்கும் வேறு சிக்கல் இல்லையென்று கிளினிக்கில் சொல்லியிருந்தால், அதில் பெரும்பகுதியை வீட்டில் கழிப்பதே சுகம். இடியப்பமோ புட்டோ கொஞ்சமாவது சாப்பிடுங்கள், இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளியுங்கள், கூடத்தில் நடவுங்கள். ஒரு குத்து தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள நேரத்தைக் கணவர் எழுதி வைக்கட்டும்; அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே. படுத்தாலும் நடந்தாலும் குறையாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடத்துக்கு மேல் இழுத்து, ஒரு மணித்தியாலம் அப்படியே தொடர்ந்தால் புறப்படலாம். பேசிக்கொண்டிருக்கும்போது வசனத்தை முடிக்க முடியாமல் குத்து வாயை அடைக்கிறதா? மணிக்கூட்டைவிட அது நல்ல அடையாளம்.

எண்ணிக்கொண்டிருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. பன்னீர்க்குடம் உடைந்தால், இரத்தம் போனால், பிள்ளையின் துடிப்பு குறைந்தால், கடுமையான தலையிடியோடு கண் மங்கினால் குத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே புறப்படுங்கள். உடைந்த நீரின் நிறத்தைப் பார்த்து வைத்துச் சொல்லுங்கள். பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். எங்களுக்கு அது அவசரச் செய்தி. இரத்தக் கோடு விழுந்த சளி கொஞ்சம் பட்டால் மட்டும் பதற வேண்டாம். கருப்பையின் வாய் திறக்கத் தொடங்குவதன் அறிகுறி அது.

இன்னொன்று: வெள்ளவத்தையிலிருந்து பொரளையிலுள்ள மகப்பேற்று வைத்தியசாலைக்கு இரவு இரண்டு மணிக்குப் போவதும், பாடசாலை வாகனங்கள் காலி வீதியை நிறைத்திருக்கும் காலை ஏழரைக்குப் போவதும் ஒன்றல்ல. பாதையை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறது, கட்டணம் இல்லை.

கேள்வி: திருமணமாகி மன்னாரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிங்களம் வராது. பிள்ளைப்பேற்றைவிட அந்த அறையில் என்ன சொல்கிறார்கள் என்று விளங்காமல் போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

பதில்: இந்தப் பயத்தை யாரும் கேலி செய்ய விடாதீர்கள். கொழும்பின் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை 1879 ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனையோ தமிழ்த் தாய்மார் இந்த நகரத்தில் பாஷை தெரியாமலே பிள்ளை பெற்று வீடு போயிருக்கிறார்கள். என்றாலும், வாய் மூடிக்கொண்டு பெற வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியிருக்கிறது. ஆனால் குத்துக்கு நடுவே அரசியலமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது, பிள்ளை. ஆகவே சில வசனங்களைப் பாடமாக்கி வையுங்கள்.

‘பட ரிதெனவா’ என்றால் வயிறு நோகிறது. ‘வத்துர யனவா’ என்றால் நீர் போகிறது. இரத்தம் போனால் ‘லே யனவா’. பிள்ளை துடிக்கவில்லை என்றால் ‘பபா ஹெல்லென்னே நே’. அவர்கள் உங்களிடம் ‘ஹுஸ்ம கன்ன’ என்றால் மூச்சை இழுக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் பெறுமதியானது ‘மட்ட தேருனே நே’, எனக்கு விளங்கவில்லை. அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ‘தெமல தன்ன கெனெக் இன்னவத?’ என்று கேட்டால் விடுதியில் தமிழ் தெரிந்த தாதியோ சிற்றூழியரோ பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கே தமிழ் தெரிந்திருக்கவும் கூடும். உங்களுக்கு ஒவ்வாத மருந்து, இரத்த வகை, பழைய சத்திரசிகிச்சை எல்லாம் கிளினிக் அட்டையில் எழுதியிருக்கிறதா என்று இந்த வாரமே சரிபாருங்கள். நீங்கள் பேச முடியாத நேரத்தில் அந்த அட்டை பேசும்.

கையொப்பம் கேட்டால் மட்டும் எதற்கென்று விளங்கிய பிறகே வையுங்கள்.

கேள்வி: மனைவியோடு நானும் பிரசவ அறைக்குள் நிற்க விரும்புகிறேன். அரச வைத்தியசாலையில் விடுவார்களா? (கணவர், கொட்டாஞ்சேனை)

பதில்: நல்ல ஆசை, தம்பி. தாய் விரும்பும் ஒருவர் பிரசவத்தின்போது கூடவே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. தனியாக இருப்பவரைவிடத் துணையோடு இருப்பவருக்கு நோவும் குறைவு, நேரமும் குறைவு. ஆனால் திரைச்சீலை மட்டுமே மறைப்பாக உள்ள பொது அறையில் மற்றத் தாய்மாரின் மானமும் இருக்கிறது. அதனால் பல இடங்களில் பெண் துணைக்கு மட்டுமே அனுமதி. சில இடங்களில் அதுவும் அன்றைய நெரிசலைப் பொறுத்தது. தனியார் வைத்தியசாலைகளில் கணவரை விடுவது வழக்கம். அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு, மாமியாரோ மச்சாளோ யார் நிற்பது என்று முடிவு செய்யுங்கள். யார் போனாலும் ஆலோசனை சொல்லாமல் இடுப்பைத் தடவி விடுபவராக இருக்கட்டும்.

கேள்வி: தாலிக்கொடியைக் கழற்ற வேண்டுமா?

பதில்: சத்திரசிகிச்சை அறைக்குப் போவதானால் ஆம். மின்சாரக் கருவிகளால் உலோகம் பட்ட இடத்தில் தோல் சுடலாம். மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு கொடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விடுதியில் நகைக்குக் காவல் இருக்க யாரும் இல்லை. நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. அன்று நோ தாங்காமல் கத்தினேன். “இப்போது கத்தி என்ன பயன்” என்று ஏசினார்கள். முக்கும்போது மலமும் போய்விட்டது. வெட்டித் தைத்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நினைக்கும்போதெல்லாம் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

பதில்: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல, ஏசியவர். வேலைப்பளு உண்மைதான். ஒரே இரவில் எத்தனை பேரை ஓடி ஓடிப் பார்க்கிறோம் என்பதை நான் அறிவேன். ஆனாலும் அது அந்த வார்த்தைக்குச் சாட்டு ஆகாது.

மலம் போவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதுதான் தவறு. பிள்ளையின் தலை இறங்கும்போது குடலை அழுத்துகிறது. உள்ளே இருப்பது வரத்தான் செய்யும். எங்களுக்கு அது நீங்கள் சரியான இடத்தில் பலம் கொடுக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். துணியால் துடைத்துவிட்டு அடுத்த நொடி மறந்துவிடுகிறோம். கருப்பையின் வாய் முழுதாகத் திறக்கும் கட்டத்தில் நடுங்குவது, வாந்தி எடுப்பது, “என்னால் முடியாது, வீட்டுக்குப் போகிறேன்” என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பது எல்லாம் வழக்கமே.

வெட்டுவதைப் பற்றி: முதற்பிரசவம் என்பதற்காக எல்லோருக்கும் வெட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. பிள்ளையின் இதயத் துடிப்பு விழுந்தாலோ ஆயுதம் போட்டுப் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டி வந்தாலோ வெட்டுவதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு என்ன காரணம் என்று கேட்க இப்போதும் உரிமை இருக்கிறது. நோய் நிர்ணய அட்டையோடு கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள். இனிப் பிள்ளை பெறப் போகிறவர்களுக்கு ஒன்று: தலை தெரியும் நேரத்தில் “முக்காதே, நாய் இளைப்பது போல மூச்சு விடு” என்று சொல்வோம். அந்த ஒரு நிமிடம் முக்காமல் இளைத்தால் தசை மெல்ல விரிந்து கொடுக்கும், பெரிய கிழிவு வராமல் தப்பவும் கூடும்.

தையல் தானாகக் கரையும். ஒரு மாதத்துக்குப் பின்னும் நோவோ நாற்றமோ இருந்தால் காட்டுங்கள். அந்த நாளின் நினைவு தூக்கத்தைக் கெடுத்தால், அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காவிட்டால், அதையும் மருத்துவமாதிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். ஏசியதைப் பற்றிப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுவதும் வீண்வேலை அல்ல.

கேள்வி: முதுகில் ஊசி போட்டு நோவைக் குறைத்தால் ஆயுள் முழுக்க முதுகுவலி என்கிறார்களே?

பதில்: ஊசி போட்ட இடம் சில நாள் நோகும். நீண்ட நாள் முதுகுவலிக்கு அதுவே காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. குனிந்து பிள்ளையைத் தூக்கினால் ஊசி போடாதவருக்கும் முதுகு வலிக்கும். எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் அது கிடைப்பதில்லை. நோவைக் குறைக்கத் தசையில் போடும் பெத்திடின் ஊசிதான் அதிகம் புழக்கம்.

கேள்வி: பெற்று மூன்று நாள். “தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும்” என்று அம்மா தடுக்கிறார். பாலும் ஊறவில்லை. பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். தேனும் வேண்டாம், ஒரு வயது வரை தேனே கூடாது. பால் கட்டி வருவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான். அதுவரை ஊறும் சீம்பால் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி இருந்தால் போதும். பிள்ளையின் இரைப்பை அவ்வளவுதான். முதல் நாட்களில் நிறை கொஞ்சம் குறையும், பத்திலொரு பங்குக்கு மேல் குறைந்தால் பார்க்க வேண்டும். அடிக்கடி மார்பில் போடுங்கள், இரவிலும். ஐந்தாம் நாளளவில் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது. பிள்ளை எழுப்பியும் எழும்பாமல் சோர்ந்து கிடந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: மிளகும் சீரகமும் உள்ளியும் அரைத்த சரக்குக் கறி வரட்டும், சுறா வறையும் வரட்டும், எனக்கும் பிடிக்கும். தண்ணீரை மட்டும் தடுக்க வேண்டாம். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகித் தையல் நோகும். படுத்தே கிடப்பவருக்குக் காலில் இரத்தம் கட்டும் ஆபத்தும் கூடும். வயிறு பெரிதாகத் தெரிவது கருப்பை சுருங்க ஆறு வாரம் எடுப்பதால். ஒரு மணித்தியாலத்தில் ஒரு சுகாதாரத் துவாய் இரத்தத்தில் முழுதாக நனைந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ வைத்தியசாலைக்குப் போங்கள்.

பகுதி மருத்துவமாது உங்களைத் தேடி வீட்டுக்கு வருவார். அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் அந்த முகவரியைச் சொல்லுங்கள். தொடர்மாடி வாசலில் காவலாளி மறித்து அவர் திரும்பிப் போகும் கதை கொழும்பில் நிறைய.

கேள்வி: பிள்ளை கொழும்பில் பிறந்தது. பிறப்பை யாழ்ப்பாணத்தில் பதியலாமா? எண்கணிதம் பார்த்து இன்னும் பெயர் வைக்கவில்லை.

பதில்: பிறந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்குள் பதிந்துவிடுங்கள். கடந்தால் காலங்கடந்த பதிவு என்று அலைச்சல். வைத்தியசாலை தரும் பிறப்பு அறிக்கையையும் உங்கள் திருமணச் சான்றிதழையும் அடையாள அட்டைகளையும் கொண்டு போங்கள். பெயர் முடிவாகாவிட்டாலும் பதியலாம், பிறகு பெயரைச் சேர்க்கத் தனி விண்ணப்பம் இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிக் கொடுத்து, கையொப்பமிடும் முன் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.