அரசு மருத்துவமனை: யாரிடம், எதைக் கேட்பது? (கேள்வி பதில்)

அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.

சார், எங்கள் தாலுகா மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை பாதி நாள் இல்லை. வெளியே வாங்கச் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம்தான் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, ஆண்டு ஒதுக்கீட்டில் மருந்து எடுக்க எடுக்க அதில் கழியும். அப்படியென்றால் கிடங்கிலேயே இல்லாமல் இருக்கலாம், ஒதுக்கீடு தீர்ந்திருக்கலாம், அல்லது உங்கள் மருத்துவமனையிலிருந்து இண்டென்ட் (கிடங்கிடம் மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) நேரத்துக்குப் போகாமல் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு வேறு ஆள், கவுன்டரில் நிற்கும் பெண்ணைத் திட்டி ஒன்றும் ஆகாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் இல்லை" என்று கேட்காதீர்கள். மூன்று மாத இருப்புப் பதிவேட்டின் நகல், இண்டென்ட் போட்ட தேதிகள் என்று ஆவணமாகக் கேளுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் வருவதில்லை. இணை இயக்குநருக்கு மனு போட்டும் பதில் இல்லை.

முகவரி தப்பு. நலப்பணிகள் இணை இயக்குநர் தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு. சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையில் வரும், மாவட்ட சுகாதார அலுவலருக்குப் போடுங்கள். மருத்துவக் கல்லூரி என்றால் டீன். சீல், தேதி மறக்க வேண்டாம்.

அரசு மாத்திரை தரம் குறைவுதானே?

இல்லை. ஒவ்வொரு பேட்சிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியிலிருந்தும், சாம்பிள் ஆய்வகத்துக்குப் போய், தேறிய பிறகுதான் கிடங்கிலிருந்து வெளியே வரும்.

என் அப்பாவுக்கு அதில் பிரஷர் குறையவே இல்லை. வெளியே வாங்கியதும் குறைந்தது. துறைக்கு வக்காலத்து வாங்காதீர்கள் ஐயா.

வக்காலத்து இல்லை தம்பி. கடையில் கொடுத்தது அதே மருந்தா, அதே மில்லிகிராமா என்று முதலில் பாருங்கள், பல நேரம் இரண்டும் வேறாக இருக்கும். அதே மருந்துதான் என்றால் ஸ்ட்ரிப்பில் இருக்கும் பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள், மருந்து ஆய்வாளர் சாம்பிள் எடுக்கலாம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஃபிரிட்ஜ் பழுதாகி இரண்டு நாள் இன்சுலின் வெக்கையில் இருந்தது, நானே எழுத்தில் கொடுத்து அத்தனையையும் ஒதுக்க வைத்தேன். தேறி வந்த மருந்தும் நம் ஸ்டோரில் கெடும். அதனால் ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டைக் கேளுங்கள், அது நியாயமான கேள்வி. பொத்தாம்பொதுவாக "கவர்ன்மென்ட் மாத்திரை வேலை செய்யாது" என்று பேசினால் அதைக் கேட்டுவிட்டு ஏதாவது ஒரு பாட்டி பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுவார். அந்தப் பயம்தான் எனக்கு.

தேசியத் தரச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் இல்லை.

அந்தச் சான்று மூன்று வருடத்துக்குத்தான். தேதியைப் பாருங்கள், தண்ணீருக்குக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

பிரசவ வார்டில் பணம் கேட்கிறார்கள்.

கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரிலும் மாத்திரை இல்லை, யாரிடம் கேட்பது?

இதே கேள்வி நிறைய வந்துவிட்டது. முதல் பதிலைப் படியுங்கள்.

அம்மாவின் சிகிச்சைப் பதிவு நகல் கேட்டால் தர மறுக்கிறார்கள்.

நோயாளியோ பொறுப்பாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. வாயால் கேட்டால் மணிக்கணக்கு எங்கிருந்து தொடங்கும்? நாளைக் காலையிலேயே எழுதிக் கொடுங்கள், சீலில் நேரத்தையும் போடச் சொல்லுங்கள்.