தூக்கத்தைக் குறைத்தால் மார்க் கூடுமா?

கேள்வி: எனக்கு வயது 16. பள்ளி, கோச்சிங், அப்புறம் வீட்டுப்பாடம் என்று எல்லாம் முடிய இரவு ஒன்றரை மணி ஆகிவிடுகிறது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டும். அடிக்கடி தலைவலி. படித்தது மறுநாளே மறந்துபோகிறது. விளையாடுவதை நிறுத்தி நான்கு மாதமாகிறது. கோச்சிங்கில் ஒருவர் ஞாபகசக்தி மாத்திரை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? தூக்கத்தை இன்னும் குறைக்க வழி உண்டா?

பதில்: மாத்திரையை வாங்காதீர்கள். தூக்கத்தைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள்.

உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நீங்கள் தூங்குவது நாலரை மணி நேரம். பகலில் படித்தது மூளையில் உறுதியாகப் பதிவதில் பெரும்பங்கு தூக்கத்துக்கு உண்டு. அதை வெட்டிவிட்டு, படித்தது நிற்கவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். இன்னொன்றும் கேளுங்கள். ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் ஒருவரின் கவனமும் வேகமும் கொஞ்சம் மது குடித்தவரின் அளவுக்கு இறங்கிவிடுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் உட்காரும் இரண்டரை மணி நேரத்தில் உருப்படியாக என்ன ஏறும்?

சரி, அந்த நேரத்துப் படிப்பை எங்கே ஈடுகட்டுவது? ஒரே பாடத்தை நாலு முறை வாசிப்பதை நிறுத்துங்கள். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, பிள்ளைகளே! வாசி, மூடு, எழுது, தவறைத் திருத்து. இரண்டு நாள் விட்டு மறுபடி எழுது. இதற்கு முக்கால் மணி நேரம் போதும்.

தூங்கும் நேரத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. மூன்று நாளைக்கு ஒருமுறை இருபது நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். பத்து மணிக்குள் படுப்பது இலக்கு. சாயங்காலத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்த காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழிந்தும் உடம்பில் இருக்கும்.

பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே தாமதமாக ஓடுகிறது, சீக்கிரம் தூக்கம் வராது. அது சோம்பல் அல்ல. பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2014-லேயே சொல்லிவிட்டது. யார் காதில் விழுந்தது? ஒவ்வொரு ஆசிரியரும் உலகத்தில் தன் பாடம் ஒன்றுதான் இருப்பதுபோல வீட்டுப்பாடம் தருகிறார். ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மொத்தம் எத்தனை மணி நேரமாகிறது என்று கூட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. அதைச் செய்யாமல் பிள்ளைக்குப் 'பொறுப்பில்லை' என்று எழுதி அனுப்புகிறார்கள்.

இனி மாத்திரை. நலமாக இருக்கும் மாணவரின் ஞாபகசக்தியைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் கிடையாது. மூலிகை என்று எழுதியிருந்தாலும் கிடையாது. சிபாரிசு செய்பவரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள் உங்கள் பெற்றோரை: "ஒரு டப்பாவுக்கு உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?" கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைத்து 'நடுமூளையைத் தூண்டுகிறோம்' என்பவர்களும் இதே கூட்டம்தான். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான். இதைவிட ஆபத்து, கவனக்குறைபாட்டுக்குத் தரும் மருந்தை மருத்துவச் சீட்டு இல்லாமல் கைமாற்றுபவர்கள். தூக்கம், பசி, இதயத் துடிப்பு மூன்றையும் அது கெடுக்கலாம்.

இங்கே ஒரு விலக்கு. கவனக்குறைபாடு இருப்பதாக மருத்துவர் பரிசோதித்துக் கண்டறிந்து மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், அது உங்களுக்கான மருந்து. நான் எழுதியதைப் படித்துவிட்டு அதை நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்காதீர்கள். பக்கத்து வீட்டார் பயமுறுத்தினாலும் நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் 'மாத்திரை கெடுதல்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பாதியில் விட்டுவிட்டு, தேர்வு நேரத்தில் தவித்து நிற்கிறார்கள். நான் திட்டுவது விற்பவனை. சீட்டோடு சாப்பிடும் பிள்ளையை அல்ல.

நன்றாகத் தூங்கத் தொடங்கி இரண்டு வாரமாகியும் தலைவலி தொடர்ந்தால் கண்ணைச் சோதித்து, மருத்துவரையும் பாருங்கள். இரண்டு வாரமாக மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், அதை நேர அட்டவணை சரிசெய்யாது. மருத்துவ உதவி வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே, அந்த மணியே, நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

விளையாட்டுக்கு வருவோம். 5 முதல் 17 வயதுவரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் அரை மணியில் தொடங்குங்கள். நேரம் எங்கே என்கிறீர்களா? பள்ளியில் ஏற்கெனவே நடந்த பாடத்தையே கோச்சிங்கில் எந்தெந்த வகுப்பில் மறுபடி நடத்துகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்தத் தாளை வீட்டில் காட்டி, அவற்றில் ஒரு வகுப்பையாவது விடக் கேளுங்கள்.