நீலம் போட்ட வேட்டியும் கல்யாணக் கேசட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1992இல் நடந்த எங்கள் கல்யாணத்தின் கேசட்டை ஸ்டுடியோவில் கொடுத்து, பென் டிரைவில் ஏற்றி வாங்கினோம். மண்டபத்தில் எல்லார் முகமும் செங்கல் நிறம். பாம்பன் பாலத்தில் நின்று எடுத்த காட்சி ஒரே நீலம். கணினியில் மாமனார் வேட்டியைத் தொட்டு வெள்ளையைச் சரிசெய்தால் முகமெல்லாம் மஞ்சளடிக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி கண்ணுக்குப் பளிச்சென்ற வெள்ளை; மென்பொருளுக்கு அது இளநீலம். 'இதுதான் வெள்ளை' என்று தொட்டுக் காட்டியதும், அந்த நீலத்தைக் கழிப்பதற்காகப் படம் முழுக்க மஞ்சளை ஏற்றிவிடும். நீலம் கலந்து அடித்த சுண்ணாம்புச் சுவரைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகும்.

முழு கேசட்டுக்கும் ஒரே திருத்தம் போடாதீர்கள். மண்டபத்து ஹாலஜன் ஃபோகஸ் லைட் சுமார் 3200 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு), பகல் வெளிச்சம் சுமார் 5600. இடம் மாறும்போது கேமராவில் வெள்ளையைச் சரியாக மாற்றி வைக்காவிட்டால் ஒரு காட்சி சிவக்கும், இன்னொன்று நீலமடிக்கும். வெளிச்சம் மாறும் இடங்களில் வெட்டுங்கள். ஒரே விளக்கில் எடுத்த துண்டுகளில் ஒன்றைத் திருத்தி, மற்றவற்றுக்கு அதையே நகலெடுத்துப் போடலாம்.

'டாவின்சி ரிசால்வ்' என்ற வீடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பு இதற்குப் போதும். 'கலர்' பக்கத்தில் 'பரேட்' ஸ்கோப்பை (நிற அளவைக் காட்டும் வரைபடம்) திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். முதலில் கறுப்பு. தலைமுடி உள்ள இடத்தில் மூன்று நிறங்களின் அடியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை இருண்ட பகுதியை மாற்றும் 'லிஃப்ட்' சக்கரத்தை நகர்த்துங்கள். பிறகு வெளிச்சமான பகுதியை மாற்றும் 'கெயின்'. பாலத்துக் காட்சிக்கு நல்ல அளவுகோல் படத்திலேயே இருக்கிறது. 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலத்தின் கான்கிரீட் கைப்பிடியில் வெயில் படும் பகுதி கிட்டத்தட்ட நடுநிலைச் சாம்பல். அங்கே மூன்று நிறமும் சமமானால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும். கடலையும் வானத்தையும் வைத்து அளக்க வேண்டாம், அவை நேரத்துக்கு நேரம் மாறுபவை.

மண்டபத்துக் காட்சிக்கு முகம்தான் அளவுகோல். நிறங்களை வட்டத்தில் காட்டும் 'வெக்டர்ஸ்கோப்'பில் தோல் நிறக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கறுப்போ, மாநிறமோ, சிவப்போ, மனிதத் தோல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். ஆள் மாறினால் பெரிதும் மாறுவது பிரகாசம்தான். ஆனால் மஞ்சள் பூசிய மணப்பெண் முகத்தையும் சந்தனம் பூசிய கைகளையும் இதற்கு எடுக்காதீர்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவரின் கன்னம் போதும். முகம் சரியாகும்போது பின்னால் இருக்கும் ஜன்னல் வெளிச்சம் நீலமாகத் தெரிந்தால் தெரியட்டும். இரண்டு வெளிச்சம் கலந்த காட்சியில் இரண்டையும் திருப்திப்படுத்தப் பார்த்தால் முகம் சாம்பல் பூத்துவிடும்.

நிற அடர்த்தியைக் கடைசியில் தொடுங்கள். விஎச்எஸ் டேப்பில் சிவப்பு வழியும். 'சாச்சுரேஷன்' 50இலிருந்து 42, 43க்கு இறக்கினாலே கூறைப்புடவை அடங்கும். மல்லிகைப் பூவும் வேட்டியும் விவரமே இல்லாமல் வெளுத்து, பரேடின் உச்சி கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக இருந்தால் அதை மென்பொருளால் மீட்க முடியாது. ஸ்டுடியோவில் கான்ட்ராஸ்டைக் குறைத்து வைத்து, கேசட்டிலிருந்து மறுபடி பதிவுசெய்யச் சொல்லுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அது அன்றைக்கே கேமராவில் தொலைந்த விவரம்.

கேள்வி: நிக்காஹ் வீடியோவில் யாராவது கையை அசைத்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு விழுகிறது. டிவியில் போட்டுப் பார்த்த காலத்தில் இது இல்லையே?
- வாசகர், கீழக்கரை

பதில்: நம் ஊர் டிவியும் கேசட்டும் பின்பற்றிய 'பால்' (PAL) முறை வீடியோவில் நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு பாதி. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் 1/50 நொடி தள்ளியும் பதிவானவை. பழைய டிவி அவற்றை அடுத்தடுத்துக் காட்டியது. கணினி இரண்டையும் ஒன்றாக அடுக்குவதால் அசையும் கை இரண்டு இடத்தில் தெரிகிறது.

'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் டிஇன்டர்லேஸ் (அடுக்கிய பாதிகளைப் பிரிப்பது) பகுதியில் 'பிடபிள்யூடிஃப்' (Bwdif), அதில் 'பாப்' (Bob) தேர்ந்தெடுத்து, பிரேம் ரேட்டை 50 ஆக வையுங்கள். 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும். கை முன்னும் பின்னுமாகத் துடித்தால் இரண்டு பாதிகளின் வரிசை தலைகீழ். கேசட்டைக் கணினியில் ஏற்றும் கேப்சர் கார்டில் எடுத்தது பெரும்பாலும் மேல் வரி முதல். டிஜிட்டல் வீடியோ (DV) கேசட் கேமராவிலிருந்து எடுத்தது கீழ் வரி முதல்.

இதற்கெல்லாம் கோப்பு 720×576 அளவில், பதிவான நிலையிலேயே இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் 'எச்டி' ஆக்கித் தருகிறோம் என்று முன்பே பெரிதாக்கியிருந்தால் சீப்புப் பல் படத்தோடு கரைந்துவிட்டிருக்கும், பிரித்தெடுக்க வழியில்லை. கேசட்டைத் திரும்பக் கொடுத்து தரம் இழக்காத ஹஃப்ஒய்யுவி அல்லது எஃப்எஃப்வி1 கோப்பாகக் கேளுங்கள். மணிக்கு 30 ஜிபி அளவுக்குப் பிடிக்கும், பிடிக்கட்டும். அந்தக் கோப்பில் கை வைக்காமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். டிஇன்டர்லேஸ் முதலில், மினுக்கும் புள்ளிகளை (நாய்ஸ்) நீக்குவது அடுத்து, நிறம் அதன்பின், எம்பி4 கடைசி.

புள்ளி நீக்கும்போது, கடல் தெரியும் காட்சியில் அலை நுரையைக் கவனியுங்கள். நுரை மெழுகாகிவிட்டால் தாடியும் ஜரிகையும் ஏற்கெனவே அழிந்திருக்கும். புள்ளி நீக்கும் அளவை வெளிச்சத் தகவலுக்கு (லூமா) குறைவாகவும் நிறத் தகவலுக்கு (குரோமா) கூடுதலாகவும் வையுங்கள்.

கேள்வி: படத்தின் அடியில் ஒரு பட்டை நெளிந்துகொண்டே இருக்கிறது. புடவையின் சிவப்பும் ஓரத்தைத் தாண்டிக் கீழே வழிகிறது.
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: பட்டை, கேசட் ஓட்டும் டெக்கில் டேப்பைப் படிக்கும் இரண்டு ஹெட்களும் மாறும் இடம். பழைய டிவியின் சட்டம் மறைத்துக்கொண்டது. அடியில் 8 முதல் 12 வரிகளைக் கறுப்பாக மூடிவிடுங்கள். சிவப்பு வழிவது, கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுத்த அடையாளம். நிறத் தகவலை (குரோமா) மட்டும் 2 வரி மேலேயும், வேண்டுமானால் 2 முதல் 4 பிக்சல் இடப்பக்கமும் நகர்த்தினால் ஓரத்தில் போய் உட்காரும்.

கேள்வி: கேசட் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி. டெக்கில் போட்டுப் பார்க்கலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: போடாதீர்கள். கடற்காற்றின் ஈரத்தில் வளர்ந்த பூஞ்சையாகத்தான் இருக்கும். டெக்கில் ஓடினால் ஹெட்டை அடைத்து, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். வெயிலில் காய வைக்கவும் கூடாது, டேப் சுருங்கும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வைத்து ஈரத்தை இறக்குங்கள். பிறகு முகக்கவசம் போட்டு, அடிப்பக்கத்து 5 திருகுகளைக் கழற்றி, பிசிறு விடாத துணியின் நடுவே டேப்பை மெதுவாக ஓட்டித் துடைக்க வேண்டும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டும். டேப் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல், இதே வேலை செய்பவரிடம் கொடுங்கள்.

சுத்தம் செய்த கேசட் ஓடி முடிந்ததும் டெக் ஹெட்டையும் துடைக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துண்டை அசையாமல் பிடித்து, ஹெட்கள் பொருத்திய டிரம்மை மட்டும் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். ஆல்கஹால் காய்ந்தபிறகே அடுத்த கேசட்.