ரெசிப்ட்டா, ரிசீட்டா? எழுத்தில் இருக்கும் ‘பி’ வாயில் வராதது ஏன்?

கேட்டிருப்பது இதுதான்: பில் கட்டினால் தருகிற சீட்டை ரெசிப்ட் என்பதா, ரிசீட் என்பதா? ‘பி’யைச் சொல்லக்கூடாது என்றால் அதை ஏன் எழுத வேண்டும்? ரெசிபிக்கும் அதற்கும் உறவு உண்டா?

ரிசீட்தான் சரி. நானும் பல வருடம் ரெசிப்ட் என்று சொன்னவன். ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து, “சார், ரெசிப்ட் வாங்கிக்கோங்க” என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒருநாள் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, “அண்ணா, அது ரிசீட். பி சைலண்ட்” என்றாள். பின்னால் பத்துப் பேர் வரிசையில். ‘இருக்கிற எழுத்தைத்தானே படித்தேன், என் மேல் என்ன தப்பு?’ என்ற கோபத்தில் தேட ஆரம்பித்தேன்.

உண்மையில் தப்பு என் மேல் இல்லை! பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் ‘பி’யே கிடையாது. இதன் லத்தீன் மூலம் ‘ரெசெப்டா’. அதில் ‘பி’ இருப்பதைப் பார்த்த படிப்பாளிகள், மூலம் தெரியட்டும் என்று எழுத்தில் மட்டும் செருகிவிட்டார்கள். மக்கள் வாய் பழையபடியே பேசியது. கடன் என்று பொருள்படும் டெட், சந்தேகம் என்கிற டவுட், இரண்டிலும் ‘பி’ (இது p அல்ல, b) நுழைந்தது இப்படித்தான்.

இதைப் பற்றி அந்தக் காலத்திலேயே கிண்டல் இருந்திருக்கிறது. 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் ஒரு வாத்தியார் வருவார். ஜனங்கள் டவுட், டெட் என்று ‘பி’யை விழுங்கிப் பேசுகிறார்களே என்று குமுறுவார். அவர் பேச்சு எடுபட்டிருந்தால் இன்று வங்கியில் எல்லோரும் ‘டெப்ட்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

சரி, செருகிய எழுத்தையெல்லாம் விழுங்கிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. ஃபால்ட் என்பதில் ‘எல்’ இப்படிச் செருகியதுதான். நாளடைவில் வாயும் அதை ஏற்றுக்கொண்டது. பர்ஃபெக்ட்டில் உள்ள ‘சி’யும் அப்படியே. இன்னொரு கூத்து: ரிசீட்டின் கூடப்பிறந்த டிசீட் (ஏமாற்று), கான்சீட் (தற்பெருமை) இரண்டிலும் இன்று ‘பி’ கிடையாது. ஐலண்டில் உள்ள ‘எஸ்’ இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தீவு என்றே பொருள்படும் ஐல் (isle) என்ற வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு போட்ட எழுத்து. ஆகவே விதி எதையும் தேடாதீர்கள், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுப் பழகுவதுதான் வழி.

ரெசிபிக்கு வருவோம். எழுத்தைப் பார்த்து ‘ரெசைப்’ என்று படிப்பவர்கள் உண்டு, ரெசிபிதான் சரி. ‘எடுத்துக்கொள்’ என்று பொருள்படும் லத்தீன் ஏவல் சொல் அது. மருந்துச் சீட்டின் தலையில் காலில் கோடு போட்ட ஓர் ‘ஆர்’ இருக்குமே, அது இதன் சுருக்கம்தான். ரிசீட்டுக்கும் இதற்கும் ஒரே வேர். சமையல் குறிப்பையே ரிசீட் என்று சொன்ன காலமும் இருந்தது.

அப்புறம் ஒன்று. ரசீது என்பது ரிசீட்டின் திரிபு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். பாரசீக ‘ரசீத்’திலிருந்து வந்தது அது. ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள். இப்போதெல்லாம் கல்லாவில், “ரசீது வாங்கிக்கோங்க” என்றுதான் சொல்கிறேன். இதுவரை யாரும் திருத்தவில்லை.