'சத்தம் தாங்கலை' என்கிறார் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. முதல் நாள், முதல் காட்சி என்று ஓடியவர், இப்போது தியேட்டருக்குக் கூப்பிட்டால் 'சத்தம் தாங்கலை, வசனமும் புரியலை' என்கிறார். வீட்டிலோ டிவி சத்தத்தை ஏற்றிவைப்பதே அவர்தான்! சாக்குச் சொல்கிறாரா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சாக்கு இல்லை, இரண்டுமே நிஜம். முதுமையில் உட்காதில் முதலில் பழுதாவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளை வாங்கும் செல்கள். ச, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்தறிய அவைதான் வேண்டும். ஆகவே பேசுவது காதில் விழும், என்ன பேசினார்கள் என்பது பிடிபடாது. சன்னமான ஒலி கேட்காத அதே காதை, பலத்த ஒலி மட்டும் பழையபடியே அறையும். டிவியில் அளவு அவர் கையில், தியேட்டரில் இல்லை. அங்கே ஒரு ஸ்பீக்கர் சேனலுக்கான (தனி ஒலித்தடத்துக்கான) அடிப்படை அளவே 85 டெசிபல் (ஒலியளவின் அலகு), உச்சம் 105 வரை போகலாம். போதாக்குறைக்கு, வசனத்தின் மேலேயே பின்னணி இசையைக் கொட்டுகிறார்கள்.

திரையிலிருந்து அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு சீட்டாகப் பாருங்கள். சுவரோரமும் கடைசி வரிசையும் வேண்டாம், அங்கே சரவுண்ட் ஸ்பீக்கர் காதருகே இருக்கும். காதில் பஞ்சு அடைத்தால் முதலில் அடிபடுவது அந்த உயர் சுருதிதான். வசனம் இன்னும் குழையும். காதுக் கருவி இருந்தால் கழற்றாமல் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். சப்டைட்டில் உள்ள காட்சியா என்று முன்பே கேளுங்கள். காது பரிசோதனை செய்ததில்லை என்றால் முதலில் அது.

கேள்வி: மூட்டுவலி உள்ள அம்மாவை மல்டிபிளக்ஸுக்கு அழைத்துப்போக என்ன கவனிக்க வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: படியைத்தான். லிஃப்ட் இருந்தாலும் அரங்குக்குள் படி உண்டு. வாசல் மேலே திறக்கிறதா, திரைப் பக்கமா என்று போனில் கேட்டு, அதற்குப் பக்கத்து வரிசையில் ஓரச் சீட் எடுங்கள். வாசல் திரையோரம் என்றால் முன்வரிசையில் கழுத்து வலிக்கும். நாலைந்து படி ஏறுவதே மேல். வயதான கண் இருட்டுக்குப் பழக நேரமாகும். விளக்கு அணையுமுன் உட்கார்ந்துவிடுங்கள், இடைவேளையிலும் அப்படியே. கழிவறை வரிசையைத் தவிர்க்க இடைவேளைக்குச் சற்று முன்பே எழலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வேளையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வார நாள் காலைக் காட்சியில் கூட்டம் குறைவு. ஏசி குளிருக்கு ஒரு சால்வை. குடிநீருக்குக் காசு கொடுக்க வேண்டாம்: தியேட்டரில் இலவசமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.