போன் வழியாக மனநல சிகிச்சை: பலன் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஐந்து மாதமாக 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடத்து, கை விறைத்து, செத்துப்போய்விடுவேன் போல வருகிறது. இரண்டு தரம் பம்பலப்பிட்டியிலேயே இறங்கிவிட்டேன். இப்போது கோட்டைக்கு ஓட்டோவில்தான் வேலைக்குப் போகிறேன். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. இது பனிக் அட்டாக் என்றார் டொக்டர். கிளினிக்கில் யாரும் கண்டால் கதை பரவிவிடும். கனடாவில் இருக்கும் மச்சாள் ஒன்லைனில் சிகிச்சை எடுக்கச் சொல்கிறாள். பலன் கிடைக்குமா? இரண்டு அறை வீட்டில் மாமியோடு ஐந்து பேர் இருக்கிறோம். எங்கே இருந்து கதைப்பது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கச்சி, பலன் கிடைக்கும். அதுவும் உங்களுக்கு வந்திருக்கிற இந்தப் பயத்துக்கு நன்றாகவே கிடைக்கும். சுவீடனில் 1990களின் கடைசியிலிருந்தே இணையம் வழியாக இப்படிச் சிகிச்சை கொடுத்து வருகிறார்கள். பனிக் அட்டாக் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு நேரிலும் மற்றவர்களுக்கு இணையத்திலும் சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம் கண்டிருந்தார்கள்.

இணையத்தில் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் மின்னஞ்சலில் பதில் எழுத ஒரு சிகிச்சையாளர் இருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆள் இல்லாத செயலியை இறக்கி வைத்துக்கொண்டால் முதல் வாரம் ஆர்வமாகத் திறப்போம், அப்புறம் அது போனில் சும்மா கிடக்கும். ‘இந்த வாரம் பஸ்ஸில் ஏறினீர்களா?’ என்று கேட்க ஒருவர் வேண்டும்.

ஏனென்றால் சுகம் வரப்போவது பஸ்ஸில்தான். பனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். நீங்கள் பம்பலப்பிட்டியில் இறங்கியபோது படபடப்பு அடங்கியது, இல்லையா? ‘இறங்கினதால்தான் தப்பினேன்’ என்று உடம்பு அன்றைக்குப் பாடம் படித்துவிட்டது. ஓட்டோவில் போகிற ஒவ்வொரு நாளும் அதே பாடம் திரும்ப மனப்பாடமாகிறது. அதை மாற்ற, சிகிச்சையாளர் உங்களோடு சேர்ந்து ஒரு படிக்கட்டுப் போடுவார். ஞாயிறு காலை, கூட்டம் இல்லாத பஸ்ஸில் ஒரே ஒரு ஹோல்ட். பிறகு பம்பலப்பிட்டி வரை, பிறகு கொள்ளுப்பிட்டி. கடைசியில் திங்கட்கிழமை எட்டு மணி நெரிசலில் கோட்டை. நெஞ்சு அடித்தால் அடிக்கட்டும், இறங்காமல் இருப்பதுதான் பயிற்சி.

இடத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மாலையில் மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்தபடி இருந்து, இயர்போனைப் போட்டுக்கொண்டு கதைப்பார். ரயில் போகும்போது ஒன்றும் கேட்காது. மறுமுனையில் இருந்த சிகிச்சையாளர் அந்த நேரம் பேசாமல் இருப்பாராம். ‘அந்த அரை நிமிடத்தில்தான் அடுத்து எதைச் சொல்வது என்று எனக்குப் பிடிபடும்’ என்றார் அக்கா. வீடியோ கட்டாயமில்லை, குரல் போதும். மொட்டைமாடியும் சரிவரும், உடுப்புக் காயப்போட ஆக்கள் வராத நேரமாகப் பாருங்கள். வட்ஸ்அப் செய்தி பூட்டிய திரையில் தெரியாதபடி மாற்றிவிடுங்கள், போன் மேசையில் கிடந்தால் யாரும் வாசித்துவிடலாம்.

தமிழில் கதைப்பவரையே தேடுங்கள். ‘நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது’ என்பதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லும்போதே பாதி போய்விடும். ஒன்லைன் என்றால் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் மட்டக்களப்பில் இருப்பவரும் உங்களுக்கு ஒரே தூரம்தான், எனக்கு இதில் மிகப் பெரிய நன்மையாகப் படுவது அதுதான். எங்கே படித்தார், இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உண்டா, பனிக் அட்டாக்குக்கு என்ன முறையில் சிகிச்சை கொடுப்பார் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. வெளிநாட்டுச் செயலி என்றால் தகவலை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பெட்டர்ஹெல்ப் என்ற நிறுவனம் தன்னிடம் வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று 2023இல் அமெரிக்க அரசு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 78 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது.

உயிரை விட்டுவிடலாம் போல ஒரு எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் எந்தச் செயலியையும் திறக்க வேண்டாம். உடனே 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் கதைக்கலாம்.

மாமியிடம் இப்போதைக்குச் சொல்லாவிட்டால் பரவாயில்லை. ஆனால் கணவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஞாயிறு பஸ்ஸில் அவரும் வரட்டும். நீங்கள் வெளிறிப்போகும்போது ‘வா, இறங்குவோம்’ என்று அவர் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. பக்கத்து சீட்டில் பேசாமல் இருந்தாலே போதும்.